மின்னஞ்சல் வசிக்குமிடம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பிரபஞ்சத்தின் பெரிய விஷயங்களையெல்லாம் பண்டிதர்கள் ஏற்கெனவே ஆராய்ந்து தீர்த்துவிட்டபடியால், எஞ்சிக் கிடக்கும் அற்ப விஷயங்களில் ஒன்றாகிய, ஒரு வியாபார ஸ்தலத்தின் வலைத்தளத்தை ஒரு ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அதன் மின்னஞ்சலுக்கு நேரும் கதி என்னும் பொருளை இங்கே விசாரிக்கப் புகுகிறேன். ஆராய்ச்சிக்கு நிலைக்களன் திருப்பூர். அவ்வூர்ப் பனியன் ஏற்றுமதியாளருக்கு ஆர்டரும், சாம்பிளில் திருத்தமும், கப்பல் தேதியும் மெயிலிலேயே வருவதால், வலைத்தளம் ஒரு வாரம் திறவாவிடினும் சலனமற்றிருக்கும் முதலாளி, மெயில் ஒரு மணி நேரம் நின்றால் நிலைகொள்ளாமல் தவிப்பார்.

முதலாளியின் சித்தாந்தம் சுத்த அத்வைதம். வலைத்தளமும் மெயிலும் ஒன்றே. பேதம் என்பது மெக்கானிக்குகள் காசு கேட்பதற்காகக் கற்பித்தது. இதற்கு அவர் மூன்று பிரமாணங்கள் காட்டுவார். வருஷத்துக்கு ஒரே பில் வருகிறது என்பது பிரத்தியக்ஷம். இரண்டிலும் ஒரே பெயர் இருக்கிறது என்பது அனுமானம். பெங்களூரில் சாஃப்ட்வேரில் இருக்கும் தங்கை மகன், “அரை மணி நேர வேலை மாமா” என்று சொன்னது சப்தம். இவற்றுள் மூன்றாவதை வெல்வது அரிது. உண்மையோவெனில், 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டொமைன் முறையில், ஒரு பெயருக்குரிய கடிதங்களை அப்பெயருக்குரிய தளம் இருக்கும் இயந்திரத்தைவிட்டு வேறோர் இயந்திரத்தில் வாங்கிக்கொள்ள வழிசெய்யும் எம்.எக்ஸ். பதிவு 1986-லேயே ஏற்பட்டுவிட்டது. இத்தகைய பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றுகிறவர் அந்த ஒரு வரியைப் புதிய இடத்தில் எழுத மறந்தால், வலைத்தளம் அழகாகத் திறந்துகொண்டிருக்கும்போதே மெயில் நின்றுபோகும். அத்வைதி அப்போதும் தன் கொள்கையை விடமாட்டார், மெக்கானிக்கைத்தான் விடுவார்.

நிற்க. கடிதம் வசிப்பது எங்கே என்னும் மூலப் பிரச்சினைக்கு வருவோம். “எல்லாம் என் கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க” என்பது முதலாளியின் கட்சி; “இல்லை, சர்வரில் இருக்கிறது” என்பது மெக்கானிக்கின் கட்சி. இவ்விடத்தில் பின்னவர் உதிர்க்கும் புன்னகையை நான் ஆட்சேபிக்கிறேன். முதலாளியின் அவுட்லுக், பாப் என்னும் பழைய முறையில் அமைந்திருந்தால், இறக்கிய கடிதத்தைச் சர்வரிலிருந்து நீக்கிவிடுவதே அதன் இயல்பான தர்மமாதலால், பத்து வருஷத்துக் கடிதங்களும் மேஜைக்கடியில் தூசி படிந்து நிற்கும் அந்த ஒரு பெட்டியிலேதான் வாசம் செய்கின்றன. சர்வரைத் திறந்து நாலைந்து கடிதங்களைக் கண்டு, “உங்களுக்கு மெயிலே அதிகமில்லை” என்று தீர்ப்புச் சொல்பவரே அஞ்ஞானி. மாறாக, 1986-இல் மார்க் கிறிஸ்பின் வகுத்த ஐமேப் முறையாயின், சத்தியம் சர்வரில் இருக்கிறது, திரையில் தெரிவது பிம்பம். கடிதங்களை முன்கூட்டியே பிரதி செய்யாமல், அதே கணக்கில் சர்வர் பெயரை மட்டும் மாற்றி எழுதினால், பிம்பம் புதிய சர்வரின் சூனியத்தோடு ஐக்கியமாகி, கண்ணெதிரே காலியாகிவிடக்கூடும். அதனாலேயே விவேகிகள், ஐமேப்சிங்க் போன்ற கருவியால் பழைய பெட்டியைப் புதியதில் நகலெடுத்து, மாற்றிய மறுநாளும் ஒருமுறை ஓட்டி, இடையில் பழைய வாசலில் வந்து விழுந்தவற்றையும் சேர்த்துக்கொள்வர்.

பாப் முறையிலேயே ‘சர்வரிலும் ஒரு பிரதி வைக்கவும்’ என்று குறித்திருப்பவர்களுக்கு நேர்வது விசித்திரமானது. ஒவ்வொரு கடிதத்துக்கும் சர்வர் ஓர் அடையாளம் இட்டிருக்கிறது. அதைக் கொண்டே அவுட்லுக் பழையது எது, புதியது எது என்று அறிகிறது. நகலெடுத்து வைத்த கடிதங்களுக்குப் புதிய சர்வர் புதிய அடையாளங்களை இடுவதால், என்றோ படித்து, பதில் எழுதி, பணமும் வாங்கி முடித்த கடிதங்களெல்லாம் மறுஜன்மம் எடுத்து, படிக்காதவை என்னும் தடித்த எழுத்தில் வரிசையாக வந்து நிற்கும். ஆபீஸ் பையன் அவற்றை நம்பிப் பழைய ஆர்டருக்குத் துணி வெட்டச் சொல்லாதவரை க்ஷேமம்.

கடவுச்சொல் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: கறுப்புப் புள்ளிகளாக மட்டுமே தரிசனம் தரும் அதை அறிந்தவர், வேலையை விட்டுப்போன அக்கவுண்டன்ட் ஒருவரே. டொமைன் கணக்கிலோ தர்க்க சாஸ்திரிகள் அந்நியோந்நியாசிரயம் என்று கண்டிக்கும் தோஷம் குடியிருக்கும். நின்றுபோன மெயிலைச் சரிசெய்யக் கணக்கைத் திறக்க வேண்டும், திறப்பதற்கான ஓ.டி.பி. நின்றுபோன அந்த மெயிலுக்கே வரும்.

முகூர்த்த விஷயத்தில் இரு தரப்புக்கும் சமரசம் உண்டு. டொமைன் பதிவுகளைப் பிற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் ஆயுளை 86,400 விநாடியிலிருந்து 300 ஆக இரண்டு நாள் முன்பே குறைத்துவிட்டு, வெளிநாட்டார் எழுதாத ஞாயிற்றுக்கிழமையில் மாற்றலாம் என்பார் மெக்கானிக்; மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம், அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்பார் முதலாளி. இதில் சாஸ்திர விரோதம் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு நுட்பம். மெயிலை ஒரு கம்பெனியிலும் தளத்தை வேறொரு கம்பெனியிலும் வைத்தபின், தளத்தின் விசாரணைப் படிவத்தை யாராவது நிரப்பினால், புதிய சர்வர் அப்பெயர் தன் வீட்டுப் பெயரே என்று கருதி, எம்.எக்ஸ். பதிவைப் பாராமலே, கடிதத்தைத் தன்னிடமுள்ள, யாரும் திறவாத பெட்டியில் போட்டுவைத்துக்கொள்ளும். சர்வரின் நிர்வாகப் பலகையாகிய சி-பேனலில் ‘லோக்கல்’ என்றிருப்பதை ‘ரிமோட்’ என்று மாற்றும்வரை இது நீடிக்கும். புகார் வராது, மாறாக, “புதுக் கம்பெனி தேவலைங்க தம்பி, லோன் தர்றேன், விளம்பரம் பண்றேன்னு வந்த தொல்லையெல்லாம் நின்னுபோச்சு” என்று பாராட்டுத்தான் வரும். மெக்கானிக் சந்தேகப்பட்டு அந்தப் பெட்டியைத் திறந்தால், லோன் தருபவர்களுக்கு நடுவே, டி-ஷர்ட்டுக்கு விலை கேட்டு இரண்டு மாதமாகப் பதிலுக்குக் காத்திருக்கும் வெளிநாட்டார் ஒருவரும் அகப்படுவார். விஷயத்தை விளக்கியதும் முதலாளி நெடுநேரம் யோசித்துவிட்டு, “ஏனுங் தம்பி, அவரை மட்டும் உள்ள விட்டுட்டு மத்தவங்களை அங்கயே வெச்சுக்க முடியாதுங்களா?” என்பார்.