நடை சாத்திய பின் எங்கே போவது?
பெரம்பலூர், அரியலூர் வேன் சுற்றுலாத் திட்டமிடல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாற்றை அறிஞர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். அந்த வரலாற்றை ஒரே நாளில், ஒரே வேனில், பாட்டி முதல் பேரன் வரை ஏற்றிக்கொண்டு பார்த்து முடிப்பது எப்படி என்பதுதான் எழுதப்படாமல் கிடக்கிறது. இத்துறைக்கு முன்னோடிகள் உண்டு. கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் திருச்சி, புதுச்சேரி வட்டாரங்களில் பொறுக்கிச் சேர்த்த புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் லண்டனில் வெளியிட்டார். அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எங்கே வண்டியை நிறுத்தினார்கள் என்று இன்றுவரை எந்த அறிஞரும் கேட்கவில்லை. இக்கட்டுரை கேட்கிறது.

முதல் விதி: நடை

பிரிட்டனில் ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்கப் போகிறவர் நேரம் குறித்துச் சீட்டு எடுத்தால் போதும். நிறுத்தி 4,500 ஆண்டு ஆன அந்தக் கற்களுக்கு உச்சிக்கால பூஜை கிடையாது. நம் பக்கம் அப்படியில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதிலும் பெரம்பலூருக்குத் தெற்கே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன், விசேஷ நாட்களைத் தள்ளினால், வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் தரிசனம் தருகிறாள். மற்ற நாட்களில் பெரியசாமி மலையில் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. இந்த வட்டாரத்தில் போகவரத் திட்டம் வகுத்து, அதை மீறாமல் நடப்பவள் அவள் ஒருத்தியே என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு.

இரண்டாம் விதி: நிழல்

நடை சாத்திய அந்த நாலு மணி நேரத்தை என்ன செய்வது? பூஜை இல்லாத இடங்களுக்குப் போகவேண்டும். அப்படிப்பட்டவை இரண்டு. ஒன்று, பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டை. 17ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபுக்குக் கீழிருந்த ஜாகீர்தார் கட்டியது. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபின் பக்கம் நின்று மோதிய வாலிகண்டபுரம் போர் இங்கேதான் நடந்தது. இன்னொன்று சாத்தனூர் கல்மரம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்தது. நீளம் 18 மீட்டர், வயது சுமார் 12 கோடி ஆண்டு.

கோட்டை உச்சியில் நிழல் அரிது. சாத்தனூரிலோ நம்மிடம் இருப்பது மரம்தான், ஆனால் 12 கோடி ஆண்டாக அது இலை விடவில்லை. ஆகவே விதி: நிழல் இருக்கும் இடம் மதியம் பூட்டியிருக்கும், மதியம் திறந்திருக்கும் இடத்தில் நிழல் இருக்காது.

கள உரையாடல் ஒன்று:

“ஏண்டா, மரம் எங்கடா?”

“இதுதான் அத்தை மரம்.”

“இது கல்லுடா!”

இருவருமே சரி. மரத்தின் ஒவ்வொரு இழையிலும் சிலிக்கா புகுந்து உறைந்ததைத்தான் நிலவியலார் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அத்தைக்கு இரண்டு சொல் போதுமாக இருந்தது.

மூன்றாம் விதி: காலவரிசை

நடைக்கும் வெயிலுக்கும் கட்டுப்பட்டால் வரலாறு தலைகீழாகும். காலையில் அம்மன், பதினோரு மணிக்கு 17ஆம் நூற்றாண்டு, சாப்பாட்டு வேளையில் டைனோசர் காலம், மாலையில் ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம், அதாவது 11ஆம் நூற்றாண்டு. “ராஜேந்திர சோழன் இந்த மரத்தைப் பார்த்திருப்பாரா?” என்று பையன் கேட்டான். மண்ணுக்கு வெளியே தெரிந்திருந்தால் பார்த்திருக்கலாம். அப்போது அதன் வயது? 12 கோடியில் ஆயிரத்தைக் கழித்தால் 12 கோடிதான்.

நான்காம் விதி: முழுமை

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வேன் மாலையில் போய்ச் சேரவேண்டும். வெயில் ஏறிய கருங்கல்லில் வெறுங்கால் நிற்காது. தஞ்சையைவிடச் சற்றே குட்டையான 55 மீட்டர் விமானம், சண்டேச அநுக்கிரக மூர்த்தி, சிங்கக் கிணறு என்று பார்த்து முடித்தவுடன் கோயில் முழுவதையும் பார்த்துவிட்டதாகப் பெரியப்பா அறிவிப்பார். ஆய்வாளர் இதை ஏற்பதற்கில்லை. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட இக்கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மதிலையும் பார்க்கவேண்டுமானால் கீழணை இருக்கும் அணைக்கரைக்கு வண்டியை விடவேண்டும். இதை எடுத்துச் சொன்னதும் வேனில் நிலவிய மௌனம் தனி ஆய்வுக்கு உரியது.

முடிவு

மேற்கண்ட விதிகளின்படி பயணத்துக்கு உகந்த நாள் திங்கள் அல்லது வெள்ளி. அந்த இரண்டு நாளும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பள்ளி லீவு மே மாதம். மே மாதத்தில் இரண்டாம் விதி உயிருக்கே உலை வைக்கும். எனவே இச்சுற்றுலாவுக்குக் குறையற்ற திட்டம் கோட்பாட்டளவில் இருக்க முடியாது என்று நிறுவப்படுகிறது.

நடைமுறையில், யாரையும் கேட்காமல் பெரியம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு வேன் பேசிவிட்டாள். எலுமிச்சைச் சாதத்துக்குப் பழமும் வாங்கியாகிவிட்டது.