வாசல் மெக்கானிக்

கேரள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீதிக்கு ஒருத்தர் இப்படி இருப்பார். முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, ஒரு கெட்ட பேர் இல்லாமல் ரிட்டயர் ஆகி, அதற்கப்புறம் கெட்டுப்போனவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஸ்பானர்.

எங்கள் வீதிக்கு வாய்த்தவர் வாத்தியார். சித்தூர் தாலுகாவில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவரிடம் ஒரு மாருதி 800 இருக்கிறது. வெள்ளை நிறம்தான் என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கிறது. 1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி முதல் மாருதியின் சாவியைக் கொடுத்ததை, பக்கத்தில் நின்று தட்டு ஏந்தியவர் போலச் சொல்வார். மனைவியின் பிறந்த நாளைக் கேட்டால், "ஆவணியில வரும்" என்பார்.

இந்த ரகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். வேட்டி வெள்ளையாக இருக்கும், ஆனால் முட்டிக்கு மேல் ஒரு கிரீஸ் கைரேகை. யார் வண்டி எந்தச் சத்தம் போட்டுக்கொண்டு போனாலும் பேச்சை நிறுத்தித் தலையைச் சாய்ப்பார். "பேரிங்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் விட்ட இடத்தில் தொடருவார். துக்க வீடாக இருந்தாலும் அப்படித்தான்.

எல்லாம் ஒரு டீக்கடையில் ஆரம்பித்தது. நெல்லியாம்பதி ஏறும்போது டைமிங் பெல்ட் அறுந்து, நடுமலையில் நின்ற கதையை யாரோ சொன்னார்கள். வாத்தியாருக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. வண்டி வாங்கியதிலிருந்து அந்தப் பெல்ட்டை அவர் பார்த்ததுகூட இல்லை. வண்டிக்கு வண்டி கணக்கு மாறும் என்றாலும், பொதுவாக அறுபதாயிரம் கிலோமீட்டரிலிருந்து ஒரு லட்சத்துக்குள் மாற்றிவிட வேண்டும். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும்.

காலையில் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். இங்கே மெக்கானிக்கை 'ஆசான்' என்றுதான் கூப்பிடுவோம். ஆசான் கூலி ஆயிரத்து ஐந்நூறு என்றார். வாத்தியார் திரும்பி வந்து என்னிடம் சொன்னார்:

"ஒரு பெல்ட்ட மாட்டறதுக்கு ஆயிரத்து ஐந்நூறாம் தம்பி. வீட்டு கிரைண்டருக்கு நான் மாட்டலையா?"

மாட்டினார்தான். கோயமுத்தூர் கிரைண்டர். ஆனால் கிரைண்டர் பெல்ட் வழுக்கினால் இட்லி கல்லாகும், அவ்வளவுதான். டைமிங் பெல்ட் அந்த ஜாதியில்லை. அதற்கு உள்பக்கம் வரிசையாகப் பல். கீழே கிராங்க், மேலே கேம். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. பிஸ்டன் மேலே வருகிற அதே இடத்துக்குத்தான் வால்வும் இறங்கி வரும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம், ஒரே நேரத்தில் அடுப்படியில் இருக்கக் கூடாது. அந்த மரியாதையைக் காப்பாற்றித் தருவதுதான் பெல்ட்டின் வேலை. அது அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை முட்டும், வால்வு வளையும்.

அடுப்படி என்று சும்மா சொல்லவில்லை. ரிட்டயரான மறுநாளிலிருந்து வாத்தியார் அடுப்படியில்தான் இருந்தார். "கடுகு வெடிச்ச பொறவுதான கருவேப்பில? ஏன் இப்பவே போடற?" என்று ஆரம்பித்து, டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டி, கேஸ் எத்தனை நாள் வருகிறது என்று சுவரில் கட்டம் போட்டுக் குறித்துவைத்தார். அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, வாய் திறக்கவில்லை. ஆனால் கரண்டி வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்துக்கு மட்டும் வாத்தியார் தலையைச் சாய்க்கவில்லை.

ஆகவே, பெல்ட்டைத் தானே மாற்றப்போவதாக அவர் அறிவித்தபோது அக்கா சொன்ன பதில் என்னைத் தவிர யாரையும் ஆச்சரியப்படுத்தவில்லை:

"நல்லா பண்ணுங்க. எத்தன நாள் ஆனாலும் பரவால்லீங்க."

பொருள் வாங்கப் பொள்ளாச்சிக்குப் போனார். பஸ்ஸில்தான் போனார். பத்து வருஷமாக நம்பிய பெல்ட்டை அன்றைக்கு மட்டும் நம்ப மனசு வரவில்லை. பெல்ட், டென்ஷனர், ஒரு பெட்டி சாக்கெட் ஸ்பானர், புது ஜாக்கி, கையுறை, நெற்றியில் கட்டுகிற லைட். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பையைத் திறக்கச் சொல்வார்கள் என்று பில்லைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மொத்தம் மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். ஆயிரத்து ஐந்நூறை மிச்சம் பிடிக்க இத்தனையா என்று நான் கேட்டேன். கணக்கு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, ஸ்பானரு செலவில்ல, மூலதனம். மொதல் வேலைக்கு வேணா நட்டம். மூணாவது பெல்ட்டுல லாபம் வந்துரும்."

மூன்றாவது பெல்ட் மாற்றும்போது அவருக்கு எத்தனை வயது இருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை.

ஆடி மாசம், ஞாயிற்றுக்கிழமை. பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களுக்கு ஆடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு மலைச் சுவரில் விட்ட இடைவெளி மொத்தமும் எங்கள் வாசலுக்காகவே விட்டது போலக் காற்று அடிக்கும். பனைமரங்கள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட நாளில், வாசலில், வேப்பமரத்தடியில், வேலை தொடங்கியது.

இந்த ரகத்தவர் தனியாக வேலை செய்ய மாட்டார்கள். அவர்கள் தாங்களே செய்வது என்றால் குறைந்தது நாலு பேர் வேண்டும். எனக்கு டார்ச் பிடிக்கிற உத்தியோகம். டார்ச் பிடிப்பவன் எங்கே அடித்தாலும் தப்பு. "இங்க அடி" என்பார். அவர் கை தெரியாது, எனக்கு அவர் முதுகுதான் தெரியும். நெற்றி லைட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது வானத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது.

பேட்டரி வயரைக் கழற்றினார். முன் சக்கரத்தைக் கழற்றினார். கழற்றிய போல்ட்டுகளை வரிசை தவறாமல் வைக்க ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். மேலே கழற்றியவை தமிழ்ப் பேப்பரில், கீழே கழற்றியவை மலையாளப் பேப்பரில். வீட்டுக்கு இரண்டும் வருகிறது. ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றி பேனாவால் வட்டம் போட்டு நம்பரும் எழுதினார்.

பத்து மணிக்குக் கணவாய்க் காற்று வந்து இரண்டு பேப்பரையும் ஒன்றாகச் சுருட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் கொண்டுபோய்ப் போட்டது. போல்ட்டெல்லாம் புழுதியில் கலந்து கிடந்தன. எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்க உட்கார்ந்தோம். 1956 நவம்பரில் மாநிலம் பிரித்தவர்கள் பட்ட பாட்டை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். சித்தூரை எந்தப் பக்கம் வைப்பது என்பதுபோல ஒரு நீள போல்ட் கடைசிவரை எந்தப் பக்கத்திலும் சேரவில்லை.

அடுத்தது கிராங்க் புல்லி. அதன் போல்ட்டைத் திருகினால் எஞ்சினே கூடச் சுற்றும். சுற்றாமல் இருக்க வண்டியை நாலாவது கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். அக்காவைக் கூப்பிட்டார்.

"எவ்வளவு நேரமுங்க?"

"நான் சொல்ற வரைக்கும்."

அக்கா உள்ளே போய் ஒரு முறம் சின்ன வெங்காயத்துடன் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். கால் பிரேக்கில், கை வெங்காயத்தில். வாத்தியார் ஸ்பானரில் தொங்கினார். போல்ட் அசையவில்லை. போர்வெல் போட்டபோது மிஞ்சிய நாலடி பைப்பை ஸ்பானரில் சொருகித் தொங்கினார். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, குலதெய்வத்தையும் கூப்பிட்டு, இன்னொரு தரம் தொங்கினார். 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் கழன்றது. பைப்பும் கழன்றது. வாத்தியார் செம்பருத்திச் செடிக்குள் இருந்தார்.

"பிரேக்க உடலாமுங்களா?" என்று கேட்டார் அக்கா. வெங்காயம் உரித்து முடிந்திருந்தது.

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லையோர ஊரில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இரண்டு மொழி சினிமா தெரியும். ஒருத்தன், 1988-ல் வந்த 'வெள்ளானகளுடெ நாடு' படத்தில் ரோடு ரோலரை ரிப்பேர் பார்க்கிற குதிரவட்டம் பப்புவை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இன்னொருத்தன் அடுத்த வருஷம் வந்த 'கரகாட்டக்காரன்' கட்சி. இந்தக் காரை முன்னே யார் வைத்திருந்தார்கள் என்று பவ்யமாக விசாரித்தான். வாத்தியார் இரண்டு பேரின் பழைய கணக்கு மார்க்கையும் சத்தமாகச் சொன்னார். இரண்டு பேரும் கலைந்துபோனார்கள்.

மூடியைக் கழற்றியதும் உள்ளே அந்தப் பெல்ட். முதுகில் நகக்கீறல் மாதிரி வெடிப்புகள், ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. "பாத்தியா" என்றார். அந்த ஒரு நொடிக்கு அவர் கேலிப்பொருளாகத் தெரியவில்லை. நிஜமாகவே ஒரு ஆபத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

இனிதான் விஷயமே. மேல் புல்லியில் ஒரு குறி, எதிரே தகட்டில் ஒரு குறி. கீழ்ப் புல்லியில் ஒரு புள்ளி, எதிரே ஒரு அம்பு. நாலும் நேருக்கு நேர் நிற்கையில் பழசைக் கழற்றிப் புதுசை மாட்ட வேண்டும். குறி தெரியவில்லை என்று பேத்தியின் நகப்பாலிஷை எடுத்து வந்து ரோஸ் நிறத்தில் பொட்டு வைத்தார். மாட்டினார். சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி, சாவியைத் திருகினார்.

வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. ஆனால் பாதி உசிரில். ஆஸ்பத்திரித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் போல இருமியது.

"பெட்ரோல் கலப்படம்" என்றார் வாத்தியார்.

அப்போது ஸ்கூட்டரில் அந்தப் பக்கமாகப் போன ஆசான் நிற்கக்கூட இல்லை. வேகத்தை மட்டும் குறைத்து, "மாஷே, ஒரு பல்லு மாறிப்போயி" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அக்கா பதறி ஓடிவந்து வாத்தியாரின் வாயைப் பார்த்தார்.

பெல்ட் ஒரு பல் தள்ளி விழுந்திருந்தது. ஒரே ஒரு பல். வால்வு திறக்க வேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ திறக்கும். எஞ்சின் சாகாது, ஆனால் வாழவும் விடாது. ஸ்கூட்டரில் போகிறவருக்குக் காதில் விழுந்தது, பக்கத்திலேயே நின்ற எங்களுக்கு விழவில்லை. அந்த ஆயிரத்து ஐந்நூறு எதற்கு என்று எனக்குப் புரிந்தது. வாத்தியாருக்கும் புரிந்திருக்கும். சொல்லவில்லை.

திங்கட்கிழமை மறுபடி எல்லாம் கழன்றது. அக்கா இந்தத் தரம் முருங்கைக்கீரையுடன் வந்து பிரேக்கை மிதித்தார். வாத்தியார் பல்லை விரல் வைத்து எண்ணினார், இரண்டாம் தரம் எண்ணினார், என்னையும் எண்ணச் சொன்னார். டென்ஷனர் ஸ்பிரிங்கை விட்டதும் அது தானாகவே தளர்ச்சியை இழுத்துப் பிடித்துக்கொண்டது. பிறகு ஸ்பானர் போட்டு எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினார். முதல் நாள் அவசரத்தில் விட்டது இதைத்தான். எங்கேயாவது முட்டினால் கைக்கே தெரிந்துவிடும். முட்டவில்லை. இரண்டு சுற்று முடிந்ததும் ரோஸ் பொட்டுகள் நாலும் நேருக்கு நேர் வந்து நின்றன. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விடை சரியாக வந்த கணக்கை வாத்தியார்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பல் வைத்த இந்தப் பெல்ட் முதலில் பிறந்தது காருக்காக இல்லை. 1940-களில் அமெரிக்காவில் தையல் மெஷினுக்குள் ஊசியும் பாபினும் நேரம் தவறாமல் சேர்வதற்காகச் செய்தது. 1960-களின் தொடக்கத்தில்தான் ஜெர்மனியில் கிளாஸ் என்ற சின்னக் கம்பெனி அதைப் பெருமளவில் தயாராகிற கார் எஞ்சினில் மாட்டியது. தைக்கிற பெண்கள் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்த சமாச்சாரத்துக்குத்தான் நாங்கள் வாசலில் இரண்டு நாள் திருவிழா நடத்தினோம்.

செவ்வாய்க்கிழமை காலை வண்டி ஒரே திருகலில் பிடித்தது. மூணு சிலிண்டரும் சுதி சேர்ந்து பாடின. அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, வீதியில் போனவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்கவைத்தார். ஆசானும் வந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். வாத்தியார் வாங்கியதிலேயே பெரிய சர்டிபிகேட் அதுதான்.

ஒரே ஒரு குறை. பெல்ட்டின் மேல்மூடிக்கு ஒரு போல்ட் குறைந்தது. பத்தாம் நம்பர் ஸ்பானர் பிடிக்கிற சின்ன போல்ட். தோப்பிலெல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. "மூடிதானே, மத்தது புடிச்சுக்கும்" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

இப்போது வருகிற பல கார்களில் பெல்ட்டுக்குப் பதில் செயின். வாசலில் உட்கார்ந்து மாற்றுகிற வேலையே இல்லை. இந்த 800-ம் 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோனது. வாத்தியார் ரகம் அருகிவருகிற இனம் என்று நான் கவலைப்பட்டேன்.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாத்தியார் அடுப்படியில் நின்று, சாம்பாருக்குப் புளி எத்தனை கிராம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கரண்டிச் சத்தம் கேட்டது. அக்கா அஞ்சறைப்பெட்டியைத் திறந்தார். கடுகுக் கிண்ணத்துக்குள் விரலை விட்டு எதையோ எடுத்துத் துடைத்து, அவர் முன்னே நீட்டினார்.

"ஏனுங்க, இது என்னன்னு பாருங்க. வாசல் கூட்டறப்பக் கெடந்துச்சு."

பத்தாம் நம்பர் போல்ட். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தவர் அடுத்த நொடி வாசலில் இருந்தார். "தம்பி, டார்ச்ச எடு!" என்று குரல் வந்தது.

எடுக்கத் திரும்பும்போது அஞ்சறைப்பெட்டி இன்னும் திறந்தே இருந்தது. சீரகத்துக்குள்ளே இன்னும் இரண்டு போல்ட்டுகள் மினுங்கின. அக்கா என்னைப் பார்த்தார். நானும் அக்காவைப் பார்த்தேன். மூடியை மெதுவாக மூடிவிட்டுக் கறிவேப்பிலையை எண்ணெயில் போட்டார். அதற்கப்புறம்தான் கடுகை.