அக்காவை அசையும் சொத்தாகப் பதிவுசெய்ய ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கல்வராயன் மலையில் வேலை செய்யும் ஒரு சின்ன டிரஸ்ட்.

பெறுநர்: சமூகப் பொறுப்பு நிதிப் பிரிவுத் தலைவர் அவர்கள், ஒரு பெரிய கம்பெனி, சென்னை.

பொருள்: வளரிளம் பெண்கள் ஆரோக்கியம் மற்றும் மாலைநேரப் படிப்புத் திட்டத்தை ஆளே இல்லாமல் நடத்துவது – தொடர்பாக.

ஐயா,

தங்கள் ஒப்புதல் கடிதம் கிடைத்தது. ரத்தசோகை பார்க்கும் கருவிக்குப் பணம் தந்திருக்கிறீர்கள். டேப்லெட்டுக்கு, பிளாஸ்டிக் நாற்காலிக்கு, குடிநீர் சுத்திகரிக்கும் எந்திரத்துக்கு, தொடக்க விழா ஷாமியானாவுக்குக்கூடத் தந்திருக்கிறீர்கள். அந்தக் கருவியைப் பிடித்துப் பிள்ளைகள் விரலில் குத்தப்போகிற அக்காவின் சம்பளத்தை மட்டும் ‘நிர்வாகச் செலவு’ என்று சிவப்பு மையில் சுழித்து, எல்லாச் சம்பளத்தையும் சேர்த்து 5 சதவீதத்துக்குள் அடக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அடக்கிப் பார்த்தோம். அக்காவின் இடது கை வரைக்கும் வருகிறது.

இந்த 5 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ நிகர மதிப்போ உள்ள கம்பெனிகள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2021இல் திருத்திய விதிகள், இந்த வேலைக்காகக் கம்பெனி தன் அலுவலகத்தில் செய்யும் பொது நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. திட்டத்தை வகுப்பதற்கும் நடத்துவதற்கும் கண்காணிப்பதற்கும் நேரடியாக ஆகும் செலவு அந்தக் கணக்கில் சேராது என்றும் அதே விதியில் எழுதியிருக்கிறது. ஆக, சட்டம் தங்களுக்குப் போட்ட கடிவாளம் இது. அதைக் கழற்றி எங்களுக்கு மாட்டிவிட்ட தங்கள் பெருந்தன்மையை எங்கள் அறங்காவலர் குழு தீர்மானமாகவே பதிவுசெய்திருக்கிறது.

இருந்தாலும், தங்களுக்குச் சங்கடம் வராத ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறோம். பொருள் என்றால் பணம் உண்டு, ஆள் என்றால் இல்லை. எனவே அக்காவை அசையும் சொத்தாகப் பதிவுசெய்ய அனுமதி கோருகிறோம். சமூகப் பொறுப்பு நிதியில் உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது, டிரஸ்ட் வைத்துக்கொள்ளலாம். அக்கா எங்கள் பெயரிலேயே இருக்கட்டும். தங்கள் சின்னம் பொறித்த ஸ்டிக்கரை அவர் முதுகில் ஒட்டிக்கொள்ளலாம். வருடாவருடம் தேய்மானமும் எழுதலாம். எழுதாமலே அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அக்கா எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரும்புச்சத்து மாத்திரையைப் பள்ளியிலேயே வாரம் ஒன்றாக அரசு இலவசமாகத் தருகிறது. நீல நிற மாத்திரை. அது ஜன்னல் வழியாக வெளியே போகிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்; ஒருத்திக்குக் குமட்டினால் வகுப்பே பயந்துவிடும். சாப்பிட்ட பிறகு போடு, கையோடு டீ குடிக்காதே, மலம் கறுத்தால் பயப்படாதே என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். அம்மாவிடம் சொல்லத் தயங்கும் மாதவிடாய்ச் சங்கதியையும் அவரிடம்தான் சொல்வார்கள். சாயங்காலம் கணக்குப் பாடத்தோடு வரும் பிள்ளைக்கும் அவரேதான். டேப்லெட்டிடம் கேட்டோம். ‘நெட்வொர்க் இல்லை’ என்றது.

திட்டக் காலம் ஓராண்டு என்று அறிந்தோம். வளரிளம் பருவம் 10 வயதில் தொடங்கி 19இல் முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தங்கள் வசதிக்காக அதை ஒரே நிதியாண்டில் முடித்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்றாண்டு வரை தொடர் திட்டங்களை நடத்த விதி இடம் தருவதைப் பற்றி நாங்கள் மூச்சுவிட மாட்டோம். போன தடவை பணம் பிப்ரவரிக் கடைசியில் வந்தது. மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று தர வேண்டும். மார்ச்சில் பொதுத்தேர்வு. படிப்புக்குத் தந்த பணத்தைச் செலவழிக்கப் படிப்பைச் சற்று நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று, பொறுத்தருளவும்.

தாக்க மதிப்பீட்டுக்கு ஆலோசகரை அனுப்பப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். பெரிய கம்பெனிகளின் 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் ஆகும் திட்டங்களுக்குத்தான் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. நம்முடையது சில லட்சம். ஆனாலும் வரட்டும், நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கிறோம். அந்த மதிப்பீட்டுச் செலவுக்கு விதியில் தந்திருக்கும் இடத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை: மொத்த சமூகப் பொறுப்புச் செலவில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், இரண்டில் எது அதிகமோ அது! வேலையை அளப்பவருக்கு ‘எது அதிகமோ’. செய்பவருக்கு எது மிச்சமோ.

ஆலை இருக்கும் பகுதிக்கே முன்னுரிமை என்று சட்டத்தைச் சுட்டி, ஒரகடம் பக்கம் ஏதாவது பள்ளி இருந்தால் சொல்லும்படி தங்கள் அலுவலர் கேட்டார். ஏற்கெனவே ஸ்மார்ட் போர்டு உள்ள பள்ளிக்கு இரண்டாவது போர்டு தர ஆர்வமாக இருந்தார். எங்கள் மலையில் ஆலை இல்லை. ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். கொஞ்சம் புகை விட்டாலும் பரவாயில்லை, அதைக் காரணம் காட்டி நாங்களும் முன்னுரிமைக்கு வந்துவிடுவோம்.

12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர்.–1 பதிவுச் சான்றுகள், தர்பன் எண், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை எல்லாம் நான்காவது முறையாக இணைத்திருக்கிறோம். அவற்றைத் தயார்செய்த கணக்கருக்குச் சம்பளம் தரவில்லை. அவரும் நிர்வாகச் செலவுதான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேல்செலவு.

பி.கு.: உறையில் தபால்தலை ஒட்டவில்லை. அது எந்தத் தலைப்பிலும் அடங்கவில்லை. தபால்காரர் இரண்டு மடங்கு கேட்பார்; கொடுத்துவிட்டு ரசீது வாங்கி அனுப்பவும், தணிக்கைக்கு வேண்டும்.