காசு கொடுத்துப் பயப்படுவது பற்றி மாமாவுக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள மாமாவுக்கு,

"காசு கொடுத்துப் பயப்படுகிறவனை எங்கேயாவது பார்த்ததுண்டா? அதுவும் ஆளே இல்லாத நாளாகப் பார்த்துப் போவீர்களா?" என்று குடும்பக் குழுவில் நீங்கள் கேட்டதற்குச் சின்னவன் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். அது பதிலாகாது. கேள்வி நியாயமானது, பதிலும் நியாயமாக இருக்கட்டும். ரோலர் கோஸ்டரில் ஏறுகிறவன் வாங்குவது கவலை கழித்த பயம். பயப்படுவது மட்டும்தான் அவன் வேலை, கவலைப்படுவதை இன்னொருவர் சம்பளத்துக்குச் செய்கிறார். கூட்டமில்லாத நாளில் போனால் இது பளிச்சென்று தெரியும். இதை அத்தைக்குப் படித்துக் காட்டும்போது எடை மெஷின் வருகிற பத்தியை மட்டும் தாண்டிவிடுங்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியா மாநிலத்தில் எலிஸ்பர்க் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், காட்டுக்குள், ஓடைக்கரையில் இருக்கிறது கனோபல்ஸ் என்ற கேளிக்கைப் பூங்கா. 1926இல் நீச்சல் குளமாகத் தொடங்கியது; தொடங்கிய குடும்பத்தின் கையில்தான் இன்றும் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, காரை நிறுத்தவும் காசு கிடையாது. எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் டிக்கெட். மரத்தடியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எதிலும் ஏறாமல் திரும்பினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆகவே காசைப் பற்றிய உங்கள் முதல் குற்றச்சாட்டு இந்த இடத்துக்குப் பொருந்தாது. இங்கே பேர்போனது 'ஃபீனிக்ஸ்' என்ற மரக் கோஸ்டர். 78 அடி உயரம், மணிக்கு 45 மைல் வேகம். 1947இல் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் 'ராக்கெட்' என்ற பெயரில் கட்டியது. அது இருந்த பூங்கா 1980இல் மூடிய பிறகு, பிரித்து இங்கே கொண்டுவந்து நிறுத்தி 1985இல் மறுபடி ஓடவிட்டார்கள். உங்களைவிட மூத்த வண்டி. இன்னும் பென்ஷன் கொடுக்கவில்லை.

இந்த நாட்டில் இந்தப் பைத்தியம் பிறந்ததும் இதே மாநிலத்தின் நிலக்கரிப் பகுதியில்தான். மாக் சங்க் என்ற ஊரில், மலைமேல் இருந்து நிலக்கரியை இறக்க 1827இல் தண்டவாளம் போட்டார்கள். பாரவண்டி சரிவில் தானாக இறங்கும். காலி வண்டியைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போகும். இறங்கும்போது கழுதைகளும் வண்டியில் ஏறிச் சவாரியாகக் கீழே வரும். பின்னாளில் மனிதர்கள் வந்து, கழுதைக்குச் சும்மா கிடைத்ததைக் காசு கொடுத்துக் கேட்டார்கள். 1884இல் லாமார்கஸ் தாம்சன் என்பவர் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் இதையே கேளிக்கையாக்கி, தலைக்கு 5 சென்ட் வாங்கினார். அதன் வேகம் மணிக்குச் சுமார் 6 மைல். செங்குத்தான மேடுபள்ளத்தில் வேகமாகப் போனால் வண்டி தண்டவாளத்தை விட்டுக் கிளம்பாது என்று அப்போது யாரும் உறுதி சொல்ல முடியாது. அந்த உறுதியைத் தந்தவர் ஜான் மில்லர் என்ற பொறியாளர். வண்டி மேலே ஏறும்போது 'டக் டக் டக்' என்று அடிவயிற்றைக் கலக்குகிற சத்தம் வருகிறதே, அது சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் பல்லில் பல்லாகப் பிடித்துக்கொள்ளும் கொக்கியின் சத்தம். 1919இல் அவர் காப்புரிமை வாங்கிய இன்னொன்று, தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூன்று பக்கமும் பிடித்த வண்டி எப்படிக் கிளம்பும் என்று பணிமனையில் முப்பது வருஷம் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிச்சக்கரம் வந்த பிறகுதான் செங்குத்தான இறக்கங்கள் பெருகின. பாதுகாப்பு கூடக் கூடத்தான் பயமுறுத்தும் துணிச்சலும் கூடியது. என் வாதத்துக்கு முதல் சாட்சி இந்தச் சக்கரம்.

இரண்டாவது சாட்சி எடை மெஷின். கனோபல்ஸில் 'ஃப்ளையிங் டர்ன்ஸ்' என்று இன்னொன்று இருக்கிறது. அதற்குத் தண்டவாளமே கிடையாது. மரத்தால் ஆன அரைவட்ட வாய்க்காலுக்குள் வண்டி தன்னிஷ்டத்துக்குச் சாய்ந்து சாய்ந்து ஓடும். 1929இல் ஓஹாயோவில் ஒரு பிரிட்டிஷ் விமானியின் யோசனையில் பிறந்த வகை. மரத்தில் கட்டியவை எல்லாம் அழிந்துபோன பிறகு கனோபல்ஸ்காரர்கள் புதிதாகக் கட்டப் புறப்பட்டு, சக்கரம் சரிவராமல் பல ஆண்டுகள் திண்டாடி, 2013இல் திறந்தார்கள். தண்டவாளம் இல்லாத இடத்தில் வண்டி எப்படி ஓடும் என்பதில் எடைக்கும் பங்கு உண்டு. அதனால் ஏறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி எடை போடுகிறார்கள். மாமா, இது வயதைக் கேட்கக் கூடாத நாடு. சம்பளத்தைக் கேட்கக் கூடாத நாடு. "ஏன்டா இப்படி ஊதிப்போயிட்டே" என்று நீங்கள் விமான நிலையத்தில் கேட்பதுபோல் கேட்டால் வக்கீல் நோட்டீஸ் வரக்கூடிய நாடு. அந்த நாட்டில், மீசை அரும்பும் பையன் ஒருவன் முன்னால் ஊரே ஒழுங்காக எடைக்கு நிற்கிறது. கைப்பையைக் கீழே வைத்தால் எவ்வளவு குறையும், ஷூவைக் கழற்றலாமா, மூச்சை இழுத்துப் பிடித்தால் பலன் உண்டா என்ற கணக்கெல்லாம் முகத்திலேயே ஓடும். வண்டிக்கு இருவர், ஒருவர் முன்னால், அவரை அணைத்தாற்போல் இன்னொருவர் பின்னால். கல்யாணமான புதிதில் ஒரே வண்டியில் போகலாம். அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகு ஆளுக்கொரு வண்டி கேட்பதுதான் மரியாதை. அத்தை டாக்டரிடம் சொல்லும் எடை இங்கே செல்லாது.

சிரித்து முடித்ததும் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டமில்லாத நாளிலும் அந்த மெஷினுக்கு விடுமுறை இல்லை. கூட்டத்துக்காகப் போட்ட ஏற்பாடு ஆளில்லாத நாளில் அர்த்தம் இழந்துவிடும். வரிசைக்குக் கட்டிய கம்பித் தடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு ஜீவன் இல்லாதபோதும், குனிந்து நுழைந்தால் நாலு எட்டில் போகலாம் என்றாலும், வெள்ளைக்காரர் வளைந்து வளைந்து பிரதட்சணம் செய்துதான் போவார். அது வெறும் பழக்கம், கேலி செய்யலாம். எடை அப்படியல்ல. ஓர் ஆள் ஏறினாலும் வண்டி அதே வாய்க்காலில்தான் ஓடும். ஏறியவரை இருக்கையோடு பிடித்துவைக்கும் மடிக்கம்பியை இழுத்துப் பார்ப்பதும் அப்படியே. யாருக்கும் அவசரமில்லாத, யாரும் பார்க்காத நேரத்திலும் நடக்கிற சோதனைதான் சோதனை.

"சித்திரைத் திருவிழா ராட்டினத்தில் இதே வயிற்றுக் கலக்கம் சில்லறைக்குக் கிடைக்கிறதே" என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் அங்கே ஏறுகிறவனுக்கு இரட்டை வேலை. பயப்படவும் வேண்டும், போல்ட்டைக் கண்காணிக்கவும் வேண்டும். உச்சியில் தொட்டி கிறீச்சிட்டால் அது விளையாட்டுச் சத்தமா, விபத்துச் சத்தமா என்று தீர்மானிக்கிற பொறுப்பும் டிக்கெட் வாங்கியவன் தலையில். இங்கே பென்சில்வேனியாவில் அந்தப் பொறுப்பு அரசின் வேளாண்மைத் துறைக்கு. ஆமாம், வேளாண்மைதான், அச்சுப் பிழை இல்லை. ராட்டினங்களையும் கடைத் தராசுகளையும் அந்தத் துறையில் ஒரே அலுவலகம் கவனிக்கிறது. அப்படியானால் இங்கே விபத்தே நடக்காதா? நடக்கிறது. இந்த நாட்டிலும் ராட்டினத்திலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு. அப்போது எந்தப் பாகத்தை யார், எந்தத் தேதியில் பார்த்துக் கையெழுத்திட்டார் என்று கேட்கக் காகிதம் இருக்கிறது. எல்லாம் விதி என்று வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கவில்லை. காலி வண்டி மந்தமாகத்தான் ஓடும். ஆள் நிரம்பினாலும் எதிர்க்காற்று ஏறக்குறைய அதேதான். பாரம் கூடினால் அந்தக் காற்றால் வண்டியை அவ்வளவாகத் தடுக்க முடியாது. ஆகக் கூட்டம் இருந்தால்தான் ஓட்டம். கத்துவதற்கும் கூட்டம் வேண்டும். ஃபீனிக்ஸ் புறப்பட்டதும் முதலில் ஓர் இருட்டுக் குகைக்குள் போகும். நிரம்பிய வண்டியில் அங்கே எழும் கூச்சல் திருவிழா. நாலே பேர் இருந்தால், "ஐயோ அம்மா" என்று அலறுகிறவனை முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்த்து நலம் விசாரிப்பார். பயத்தை இவ்வளவு பத்திரமாகப் பொட்டலம் கட்டித் தருகிற ஊரில், அதைப் பங்கு போட ஆள் கிடைப்பதில்லை. பெரியக்காவின் முழங்கை விலாவில் இடிக்க, மூர்த்தி மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்ல, அதைப் பொங்கல் வரைக்கும் சொல்லிக்காட்டுகிற சுகத்தை எந்தத் துறையும் சான்றிதழ் போட்டுத் தராது.

அப்படியும் ஏன் போகிறார்கள் என்றால், இங்கே எங்களைப் போன்றவர்களின் மற்றப் பயங்களுக்கு மடிக்கம்பி கிடையாது. விசாவில் இருப்பவனுக்கு வேலை போனால், அடுத்த வேலையோ வேறு வழியோ தேட அதிகபட்சம் 60 நாள். கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்குக் கம்பித் தடுப்பு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிடுமுன் நெஞ்சுவலியா, பில்லா, எது பெரிது என்று யோசிக்கிற ஊர் இது. இத்தனைக்கும் நடுவில், இரண்டு நிமிடத்தில் முடிந்து, ஏறின இடத்திலேயே இறக்கிவிடும் என்று தெரிந்த பயம் இது ஒன்றுதான். அதற்கு டிக்கெட் வாங்குகிறவனைப் பைத்தியக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் அடுத்த வருஷம் வரும்போது அத்தையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். குளிர்காலத்தில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், கோஸ்டர் எதுவும் ஓடாது. பள்ளிக்கூடம் நடக்கிற மாதமாக, செப்டம்பரில் வாருங்கள். பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள், பல்செட்டைக் கழற்றிப் பையில் வையுங்கள். எல்லோரும் சொல்கிறார்களே என்று கடைசி இருக்கையில் மட்டும் உட்காராதீர்கள். தூக்கிப் போடுவது அங்கேதான் அதிகம். முதல் தடவைக்கு நடு இருக்கை போதும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்