299 என்றொரு பேருரை

புது கேம் கன்சோல் வரப்போகிறது. முதல் நாளே வாங்குவதா, ஒரு வருஷம் பொறுப்பதா என்று தூக்கம் கெட்டுக் கிடக்கும் வாசகரே, அந்த யூடியூப் விமர்சனங்களையெல்லாம் கொஞ்சம் மூடி வையுங்கள். சரித்திரத்தைப் புரட்டுங்கள். அதில் ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்தால் போதும்: இந்தக் கன்சோலை விற்கிற ராஜா போன போரில் ஜெயித்தவரா? ஆமாம் என்றால் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1995 மே 11. லாஸ் ஏஞ்சலஸ். இ-த்ரீ என்கிற வீடியோ கேம் திருவிழா முதல் தடவையாக நடக்கிறது. மேடையில் சேகாவின் அமெரிக்கத் தளபதி டாம் காலின்ஸ்கி. லேசுப்பட்ட ஆள் இல்லை. மேட்டல் கம்பெனியில் பார்பி பொம்மைக்கே மறுவாழ்வு கொடுத்தவர். பிறகு சேகாவுக்கு வந்து, ஜெனிசிஸ் கன்சோலை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் நின்டெண்டோவையே ஆட்டம் காண வைத்தவர். அதாவது, நாம் மேலே சொன்ன அதே டேஞ்சரான கேட்டகிரி.

சேகாவின் அடுத்த அஸ்திரத்துக்கு சாட்டர்ன் என்று பெயர். சனி கிரகம்தான். (நான் எதுவும் சொல்லவில்லை.) செப்டம்பர் 2ஆம் தேதி ரிலீஸ் என்று தண்டோரா போட்டாகிவிட்டது. ஆனால் ஜப்பான் தலைமையகத்துக்கு ஒரு அபாரமான யோசனை உதித்தது. சோனி என்றொரு புதுப் பையன் பிளேஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு அதே செப்டம்பரில் வருகிறான், நாம் நாலு மாசம் முந்திக்கொண்டால் என்ன? காலின்ஸ்கிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஆனால் மேலிடத்து உத்தரவு. மேடையேறி, சிரித்த முகமாக அறிவித்தார்: விலை 399 டாலர், செப்டம்பர் வரைக்கும் எதற்கு, இப்போதே கடையில் கிடைக்கும்!

எந்தக் கடையில் என்று கேட்டபோதுதான் வம்பு. டாய்ஸ் ஆர் அஸ் உட்பட நாலே நாலு கடைக் குழுமங்களுக்கு மட்டும் ரகசியமாகச் சரக்கு போயிருந்தது. வால்மார்ட்டுக்குத் தகவல் இல்லை. பெஸ்ட் பைக்கும் இல்லை. கே.பி. டாய்ஸுக்கும் இல்லை. கல்யாணப் பத்திரிகை வராத பங்காளி என்ன செய்வாரோ, அதையே செய்தது கே.பி. டாய்ஸ். இனிமேல் சேகா சாமான் எதுவும் எங்கள் கடைப் படியேறக் கூடாது!

வெளியாட்கள் கதை இன்னும் பரிதாபம். சாட்டர்னுக்கு கேம் தயாரித்துக்கொண்டிருந்த மற்ற கம்பெனிகள், செப்டம்பர்தானே என்று நிதானமாக கோட் அடித்துக்கொண்டிருந்தன. ஆகவே அன்றைக்கே 399 டாலரை எண்ணிக் கொடுத்த பரம பக்தனுக்கு வாய்த்தது, விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய சில கேம்கள். அத்தனையும் சேகாவின் சொந்தச் சரக்கு. எதிரியைத் திடுக்கிட வைக்கப் புறப்பட்ட சேகா, கடைக்காரரைத் திடுக்கிட வைத்தது, கூட்டாளியைத் திடுக்கிட வைத்தது. திடுக்கிடாமல் உட்கார்ந்திருந்தவன் எதிரி ஒருவன்தான்.

அந்த எதிரிக்கும் ஒரு சோகக் கதை உண்டு. 1991இல் சிகாகோ கண்காட்சியில், நின்டெண்டோவோடு சேர்ந்து சி.டி. போட்டு ஆடும் கன்சோல் கொண்டுவரப்போகிறோம் என்று சோனி பெருமையாக அறிவித்தது. மறுநாளே, அதே ஊரில், எங்கள் கூட்டணி பிலிப்ஸோடு என்றது நின்டெண்டோ. நம் ஊர்க் கட்சிகள்கூட இரண்டு நாளாவது இடைவெளி விடும். அந்த அவமானத்தை மறக்காத என்ஜினீயர் கென் குடராகி விடாப்பிடியாக நின்று உருவாக்கியதுதான் பிளேஸ்டேஷன்.

காலின்ஸ்கி முடித்த பிறகு சோனியின் முறை வந்தது. ஸ்டீவ் ரேஸ் என்ற அதிகாரி மைக் முன்னால் போய் நின்றார். '299' என்றார். இறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான் சொற்பொழிவு! பொன்னாடை உண்டா, 'அவைத் தலைவர் அவர்களே' உண்டா? ஒன்றும் கிடையாது. கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. நூறு டாலர் வித்தியாசத்தில் சாட்டர்னின் ஜாதகம் எழுதி முடிக்கப்பட்டது.

சோனி இதிலிருந்து பாடம் கற்றிருக்கும் என்று நினைக்கிறீர்களா? நல்ல மனசு உங்களுக்கு.

2006. பிளேஸ்டேஷன் 2 பத்து கோடிக்கு மேல் விற்றுத் தள்ளியிருந்தது. இப்போது ஜெயித்த ராஜா சோனி. அதே இ-த்ரீயில் பிளேஸ்டேஷன் 3க்கு விலை சொன்னார்கள். சின்னது 499, பெரியது 599 டாலர். அவமானப்பட்டு வளர்ந்த அதே குடராகி, இது ரொம்ப மலிவோ என்னவோ என்கிற தொனியில் பேட்டி கொடுத்தார். கூடுதலாக உழைத்தாவது இதை வாங்க வேண்டும் என்று ஜனங்களுக்குத் தோன்ற வேண்டுமாம்! இதில் கூத்து என்னவென்றால், அந்த விலைக்கு விற்றும் ஒவ்வொரு பெட்டியிலும் சோனிக்கு நஷ்டம். வாங்குகிறவன் அழுகிறான், விற்கிறவனும் அழுகிறான். அமெரிக்காவில் அது கடைக்கு வந்த இரண்டே நாளில் நின்டெண்டோ, வீ என்ற குட்டிப் பெட்டியை 250 டாலருக்கு இறக்கிவிட்டுச் சிரித்தது.

சரி, தோற்ற ராஜாவிடம் வாங்கினால் சேஃப் என்று கிளம்பிவிடாதீர்கள். முந்தைய சுற்றில் சோனியிடம் உதை வாங்கிய மைக்ரோசாஃப்ட், ஒரு வருஷம் முந்திக்கொண்டு 2005இலேயே எக்ஸ்பாக்ஸ் 360ஐ இறக்கியது. பெட்டி சூடேறி, முகப்பில் சிவப்பு விளக்கு வளையமாக எரிந்து, கோமாவுக்குப் போனது. இதற்கு ஜனங்கள் கண்டுபிடித்த வைத்தியம், கன்சோலைத் துண்டால் போர்த்தி இன்னும் சூடாக்குவது. சிலருக்கு அது கொஞ்ச நேரம் வேலையும் செய்தது என்பதுதான் கொடுமை. கடைசியில் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டிய மைக்ரோசாஃப்ட், அதற்காக ஒதுக்கிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல்.

2011இல் நின்டெண்டோவின் முறை. டி.எஸ். என்ற கையடக்கக் கன்சோல் ஜெயித்த தெம்பில் 3டி.எஸ்.ஸை 250 டாலருக்கு விட்டார்கள். ஐந்து மாசம்கூட ஆகவில்லை, 170 ஆக்கிவிட்டார்கள். தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். (அடடா, சி.இ.ஓ.க்களில் இப்படியும் ஒரு பிறவி!) முதலில் வாங்கி 80 டாலர் தண்டம் அழுதவர்களுக்கு 20 பழைய கேம்கள் இலவசம், கூடவே 'அம்பாசடர்' என்ற பட்டம். ஏமாளிக்கு இவ்வளவு மரியாதையான பெயர் வேறெந்த கம்பெனியும் வைத்ததில்லை.

ஆனால் அந்த 599 டாலர் பெட்டியை வாங்கினவரைப் பார்த்து ரொம்பச் சிரிக்க வேண்டாம். அதற்குள் பிளேஸ்டேஷன் 2இன் சிப்பும் இருந்தது, பழைய டிஸ்க்குகள் அப்படியே ஓடும். செலவு கட்டுப்படியாகாமல் பின்னால் வந்த மாடல்களில் சோனி அதைக் கழற்றிவிட்டது. பொறுமையாகக் காத்திருந்து 2009இல் பாதி விலைக்கு வாங்கிய புத்திசாலிகளில் பலர், இன்று அந்த முதல் பெட்டியைத்தான் இபேயில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதுவும், எக்ஸ்பாக்ஸுக்குச் சிவப்பு விளக்கு போல இதற்கென்று இருந்த மஞ்சள் விளக்கு எரிந்து செத்துப்போகாத ஒன்றாக.