வால்வு எங்கள் கையில் இல்லை

அனுப்புநர்:
ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதும் கடை,
ஜாலஹள்ளி கிராஸ் பக்கம், பீன்யா, பெங்களூரு.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தொழிற்சாலைகள், கொதிகலன்கள், தொழிற்பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை,
கார்மிக பவன், பன்னேர்கட்டா சாலை, பெங்களூரு.

பொருள்: தையல் லைன் பெண்களின் சிறுநீர்ப்பைகளைக் கொதிகலன் இனத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

என் கடையில் பி.எஃப். படிவம், ஈ.எஸ்.ஐ. படிவம், ஆதாரில் பெயர்த் திருத்தம், வேலை கேட்கும் விண்ணப்பம், வேலையை விட்டு நிற்கும் கடிதம் எல்லாம் எழுதித் தரப்படும். வருகிறவர்களில் பாதிப்பேர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து ஆயத்த ஆடை ஆலைகளில் சட்டைக்குக் காலரும் கஃப்பும் வைக்கிற பெண்கள். கடையில் ஆண்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, படிவத்தில் எழுத இடமில்லாத சங்கதிகளையும் சொல்வார்கள். அதில் ஒன்றை மனுவாகவே எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவர்களுடைய சிறுநீர்ப்பைகளைத் தங்கள் துறை கொதிகலன்களாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

யோசித்துத்தான் கேட்கிறேன். இஸ்திரி மேஜைகளுக்கு நீராவி அனுப்ப எங்கள் பக்கத்து ஆலைகளில் கொல்லைப்புறமாக ஒரு கொதிகலன் இருக்கும். அதற்கு நடக்கிற ராஜ மரியாதையைப் பாருங்கள். 1923-லேயே, வெள்ளைக்காரன் காலத்தில், அதற்கென்று தனிச் சட்டம். நூறு வருஷம் கழித்து 2025-ல் அதைப் புதுப்பித்தும் கொடுத்துவிட்டார்கள். பதிவெண் உண்டு. சான்றிதழ் உண்டு, அதுவும் சாதாரணமாக 12 மாதத்துக்குத்தான், அப்புறம் மறுபடி சோதித்தாக வேண்டும். இவ்வளவு அழுத்தத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று எழுத்திலேயே கொடுப்பார்கள். அதைத் தாண்டினால் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்துகொள்ளும், யாரிடமும் பெர்மிஷன் கேட்காது. விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இத்தனையும் ஓர் இரும்புப் பாத்திரத்துக்கு.

அதே காம்பவுண்டில், மாடியில், காலை ஒன்பது மணியிலிருந்து நிரம்பிக்கொண்டிருக்கிற மற்ற பாத்திரங்களுக்கு வால்வு சூப்பர்வைசர் கையில் இருக்கிறது.

சட்டச் சிக்கல் ஒன்று இருப்பது எனக்கும் தெரியும். 25 லிட்டருக்குக் குறைந்ததைக் கொதிகலன் என்றே சட்டம் ஒத்துக்கொள்வதில்லை. மனுஷியின் பை 400, 500 மில்லி கொள்ளும். 150, 200 சேர்ந்ததுமே மணியடிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் ஒரு லைனில் அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் ஐயா. பன்னிரண்டு மணிக்கு அத்தனை பேரையும் சேர்த்துக் கூட்டினால் 25 லிட்டரை எட்டிவிடும். தனித்தனியாகப் பதிய விதி இடம் தராவிட்டால் லைன் வாரியாகப் பதிந்துகொள்ளலாம்.

அழுத்தமானி பொருத்துகிற செலவும் இல்லை, உடம்பிலேயே இருக்கிறது. ஒண்ணுக்குப் போகும்போது எரிந்தால் முதல் கோடு. போய்விட்டு வந்து மிஷினில் உட்கார்ந்ததும் மறுபடி முட்டிக்கொண்டு வருவதும், போனால் நாலு சொட்டோடு நின்றுவிடுவதும் அடுத்தது. அடிவயிற்றில் வலி, கலங்கலாகவோ ரத்தம் கலந்தோ போவது அதற்கும் மேலே. குளிர் ஜுரம், வாந்தி, விலாவுக்குப் பின்னால் முதுகில் ஒரு பக்கமாக வலி என்றால் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி முதல் கோட்டிலேயே போய்விட வேண்டும். அவளுக்கு அது மேலே ஏறுவது சுலபம், குறைப்பிரசவ ஆபத்தும் உண்டு.

எங்கள் ஊர்ப் பக்கம் இந்த நீர்க்கடுப்புக்கு ‘சூடு’ என்று பெயர். மோர் குடி, வெந்தயம் ஊறப்போடு, தொப்புளில் நல்லெண்ணெய் வை என்பார்கள். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பெரும்பாலான நேரம் அந்தச் சூட்டுக்கு ஈ.கோலை என்று ஒரு பெயர் உண்டு. நம் குடலிலேயே வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற பாக்டீரியா அது. கொஞ்சம் முன்பக்கமாக நகர்ந்து வந்தால் சிறுநீர் வாசல். அங்கிருந்து பை வரை ஆணுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் வழி, பெண்ணுக்கு வெறும் 4. அதனால்தான் உலகத்துப் பெண்களில் பாதிப்பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது இது வந்து போகிறது. ஆய்வகத்தில் நல்ல தீனி போட்டு வளர்த்தால் இந்த ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். மூத்திரத்தில் வேகம் கூடக் குறைய இருக்கும். இருந்தாலும் பீன்யாவில் டார்கெட்டைப் பற்றி இதுவரை வாய் திறக்காத ஒரே ஊழியர் அதுதான். அடக்குவதால் கிருமி பிறப்பதில்லை. ஏறி வந்ததை அவ்வப்போது அடித்துக்கொண்டு போக வேண்டிய தண்ணீர் வராததால் அது நிம்மதியாகத் தங்கிப் பெருகுகிறது.

இனி டாக்டர் சீட்டு. நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே, கழுவினாலும் துடைத்தாலும் முன்னாலிருந்து பின்னால், புருஷனோடு இருந்துவிட்டு ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து படு, வாசனைத் திரவம் ஊற்றி அங்கே கழுவாதே, அடிக்கடி வந்தால் சர்க்கரை பார், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. ஒவ்வொன்றும் சரியான பேச்சு. வீட்டில் செய்ய வேண்டியதை இவர்கள் செய்துகொள்வார்கள். முதல் இரண்டு மட்டும் தப்பான பெயரில் எழுதின சீட்டு. நோயாளி பெயர் என்கிற இடத்தில் ஆலையின் பெயரைப் போட்டு, வயது என்கிற இடத்தில் தொடங்கிய ஆண்டைப் போட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் தண்ணீர் குடிப்பது இவர்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. ஒவ்வொருத்தியும் காலையில் ஒரு லிட்டர் பாட்டில் நிரப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டு போகிறாள். சாயங்காலம் என் கடை வாசலில் நின்று, மிச்சம் முக்கால் பாட்டிலைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போகிறாள். என் துளசிக்கு இந்த ஜென்மத்தில் நீர்க்கடுப்பு வராது. குடித்தால் போக வேண்டும். போனால் பீஸ் தேங்கும். தேங்கினால் அடுத்த மிஷின்காரி கத்துவாள், அவள் கத்தினால் சூப்பர்வைசர் எழுந்து வருவார். ‘ஈக தானே ஹோகித்யல்லா?’ இப்பத்தானே போனே என்று அறுபது பேர் காதில் விழுகிற மாதிரி கன்னடத்தில் ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பயந்தே உடம்பு வற்றிக் கிடக்கப் பழகிவிட்டது. சில ஆலைகளில் லைனுக்கு ஒரு டோக்கன், சூப்பர்வைசர் மேஜை ஓரத்தில் ஆணியில் தொங்கும். ஆணி காலியாக இருந்தால் ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த ஆணியைத்தான் நாள் முழுக்க அத்தனை கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கிறது. டோக்கன் கிடைத்துப் போனால், கதவில் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு ஓட்டைதான் இருக்கிறது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மற்றதெல்லாம்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. பல்கேரியாவில் சோஃபியா நகரத்தில், அடிக்கடி இந்தத் தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்களில் பாதிப்பேரைத் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருஷத்தில் வழக்கம்போல் இருந்தவர்களுக்குச் சராசரியாக 3.2 தடவை வந்தது, குடித்தவர்களுக்கு 1.7. ஆன்டிபயாட்டிக் தேவையும் குறைந்தது. 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. செலவை ஏற்றுக்கொண்டது பாட்டில் தண்ணீர் விற்கிற ஒரு பிரெஞ்சுக் கம்பெனி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீன்யாவில் அந்தச் சோதனையை நடத்த முடியாது. கூடுதலாகக் குடித்த ஒன்றரை லிட்டர் வெளியே போக வழி இல்லாமல் சோதனையே நின்றுவிடும். (எங்கள் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்த கதை வேறு. அதற்குத் தனி மனு, வேறு துறை.)

எனவே நடப்பது என்னவென்றால் மெடிக்கல் ஷாப். ‘அண்ணா, நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை.’ அவர் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பேப்பரில் மடித்துக் கொடுப்பார். என்ன மாத்திரை, எத்தனை நாள், யாருக்கும் தெரியாது. எரிச்சல் நின்றதும் மாத்திரையும் நின்றுவிடும். அரைகுறையாக அடிபட்டுப் பிழைத்த கிருமி, அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டு, அடுத்த மாசம் தெம்பாகத் திரும்பி வரும். சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுத்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கலாம். அதற்கு அரைநாள் லீவு வேண்டும். அரைநாள் லீவுக்குக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுத என் கடைக்கு வருகிறார்கள். நான் ‘தலைவலி’ என்று எழுதித் தருகிறேன்.

சட்டத்தில் ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2025 வரை அமலில் இருந்த 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தை நானே ஜெராக்ஸ் எடுத்துப் படித்தேன். குடிநீர் வைக்கிற இடம் கழிப்பறையிலிருந்து ஆறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்று 18-ம் பிரிவு அளந்து சொன்னது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கழிப்பறைச் சுவரில் தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பளபளப்பான ஓடு பதிக்க வேண்டும் என்றது 19-ம் பிரிவு. எச்சில் துப்புகிற கலயத்துக்கென்றே 20-ம் பிரிவு முழுசாக ஒதுக்கியிருந்தார்கள். விதிகள் 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்று தலை எண்ணிக் கொடுத்தன. இதற்கெல்லாம் மேலாக, அந்த 19-ம் பிரிவின் முதல் வரியில், தொழிலாளி ஆலைக்குள் இருக்கிற எந்த நேரமும் கழிப்பறை எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. தூரத்தை அளக்க டேப் இருக்கிறது, ஓடுகளை எண்ண விரல் இருக்கிறது. எந்த நேரமும் என்பதை அளக்க மட்டும் எந்த ஆலையிலும் கருவி கிடையாது. ஆணியில் தொங்குகிற டோக்கன்தான் கருவி.

நேரத்தின் மேல் நம் ராஜ்யத்துக்கு அக்கறை இல்லாமலும் இல்லை. 2023 பிப்ரவரியில் சட்டமன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றியது: ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை இழுக்கலாம், மூன்று மாத ஓவர்டைமை 75 மணியிலிருந்து 145 ஆக்கலாம், இடைவேளை இல்லாத வேலையை ஆறு மணி நேரம் வரை நீட்டலாம். பையை மட்டும் 500 மில்லியிலேயே விட்டுவிட்டார்கள். 2025 அக்டோபரில் மாதவிடாய்க்கு வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று மந்திரிசபை முடிவு செய்தது, கையெடுத்துக் கும்பிடுகிறோம். மாசத்துக்கு ஒரு முழு நாள் கொடுக்க மனசுள்ள அரசு, ஒரு நாளைக்கு மூன்று தடவை ஐந்தைந்து நிமிஷத்தையும் கொடுக்கும் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பீன்யாவின் பெருமை தாங்கள் அறியாதது அல்ல. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆர்யபட்டா இங்கே தகரக் கொட்டகைகளில்தான் உருவானது. 1975 ஏப்ரல் 19-ல் ரஷ்யாவிலிருந்து அது மேலே போனபோது, தகவலை வாங்க இடம் பத்தாமல் பெங்களூரில் ஒரு கழிப்பறையைத் தகவல் நிலையமாக மாற்றினோம் என்று அதை உருவாக்கிய விஞ்ஞானி யு.ஆர்.ராவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கழிப்பறை தேசத்துக்காகத் தியாகம் செய்தது. கடன் இன்னும் திரும்பி வரவில்லை. இப்போதும் இதே பேட்டையில் இருந்துகொண்டு இஸ்ரோவின் கண்காணிப்பு மையம் நிலாவுக்குப் போனதைக்கூடக் கண் கொட்டாமல் பார்க்கிறது. 2023-ல் சந்திரயான் இறங்கியதை இங்கிருந்துதான் இயக்கினார்கள். அந்தக் கலையை எங்கள் சூப்பர்வைசர்களும் கற்றிருக்கிறார்கள். எந்த மிஷின்காரி எத்தனை மணிக்குக் கிளம்பினாள், எத்தனை நிமிஷம் சிக்னல் இல்லை, எப்போது தரையிறங்கினாள், எல்லாம் நோட்டில் இருக்கும்.

இவர்கள் எதையும் அடக்கிக்கொண்டு கிடப்பவர்கள் என்று யாராவது தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். முதலாளி பங்கு பி.எஃப். பணத்தை 58 வயது வரை எடுக்க முடியாது என்று 2016-ல் மத்திய அரசு சொன்னபோது, ஏப்ரலில் ரெண்டே நாள் ரோட்டில் இறங்கினார்கள். ஓசூர் ரோடும் ஜாலஹள்ளி கிராஸும் நின்றன. உத்தரவு வாபஸ். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய சண்டைதான் 2018-ல் கேரளத்தின் உட்காரும் உரிமைச் சட்டம் வரை போனது. 2021-ல் தமிழ்நாடும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டது. எங்கள் பெண்கள் உட்கார்ந்தேதான் இருக்கிறார்கள். எழுந்திருக்கிற உரிமை கேட்கிறார்கள்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து, மேற்படி பைகளுக்குப் பதிவெண் வழங்கவும், லைனில் ஆள் எழுந்து போனால் மிஷினைப் பார்த்துக்கொள்ள மாற்று டெய்லர் ஒருத்தியை உற்பத்திக் கணக்கிலேயே சேர்க்கவும், டோக்கன் தொங்குகிற ஆணிகளைப் பிடுங்கவும், பிடுங்கிய ஆணிகளைக் கொண்டு கழிப்பறைக் கதவுகளில் தாழ்ப்பாள் அடிக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். கொதிகலன் கட்டணம் எவ்வளவு என்று தெரிவித்தால் வசூல் செய்து கட்டிவிடுகிறோம். விசாரணைக்கு யாரையும் கார்மிக பவனுக்கு வரச்சொல்லி நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். பீன்யாவிலிருந்து அங்கே வந்துபோக ஒரு நாள் போய்விடும், அதற்கும் நான் ‘தலைவலி’ என்றே எழுத வேண்டிவரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனு எழுதுகிறவள்.

பி.கு: ஆய்வுக்கு வருகிற தேதியை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். பகல் பதினொன்றரைக்கு வந்தால் போதும். தெரிவித்துவிட்டு வந்தால் அன்றைக்கு மட்டும் சோப்பு இருக்கும்.