மூன்று அமினோ அமிலமும் 50 லட்சம் ஆடுகளும்

1960-களில் அமெரிக்காவின் ஆட்டுத்தொட்டிகளுக்கு ஒரு விசித்திரமான கஸ்டமர் வாய்த்தார். கறி வேண்டாம், எலும்பு வேண்டாம், ஈரல் வேண்டாம். மூளை மட்டும் போதும். அதிலும் முழு மூளை இல்லை, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைபோதலாமஸ் என்ற துணுக்கு. எத்தனை? சுமார் 50 லட்சம். நம் ஊர் மட்டன் ஸ்டாலில் இப்படி ஒரு ஆர்டர் கொடுத்துப் பாருங்கள். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு போலீஸுக்குத்தான் போன் போடுவார்.

கஸ்டமரின் பெயர் ரோஜே கில்லமின். பிரான்ஸின் டிஜான் நகரத்துக்காரர், ஹூஸ்டனில் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் வேலை. ஓவியம், ஒயின், அளந்து பேசும் பேச்சு என்று பளபளப்பான பேர்வழி. 1957-ல் அவரிடம் வந்து சேர்ந்தார் ஆண்ட்ரூ ஷாலி. போலந்து ராணுவ ஜெனரலின் மகன், போர்க்காலத்தில் நாட்டை விட்டு ஓடி வந்த குடும்பம், மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிற ரகம். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு ஒற்றுமை: தன்னைவிடக் கெட்டிக்காரன் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்ற சந்தேகம் இருவருக்குமே வந்ததில்லை.

தேடியது என்ன? சுரப்பிகளுக்கெல்லாம் ராஜா பிட்யூட்டரிதான் என்று அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. ராஜாவுக்கும் ஒரு மேலிடம் உண்டு, ஹைபோதலாமஸ்தான் ரத்தக்குழாய் வழியாக ரசாயன உத்தரவு அனுப்புகிறது என்றார் பிரிட்டனின் ஜெஃப்ரி ஹாரிஸ். பிரமாதம்! அந்த உத்தரவை யாராவது கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டபோதுதான் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

கில்லமினும் ஷாலியும் முதலில் சேர்ந்தே தேடினார்கள். குறி, சி.ஆர்.எஃப். என்ற ஹார்மோன். ஐந்து வருஷம் மல்லுக்கட்டியும் சிக்கவில்லை. 1962-ல் ஷாலி மூட்டையைக் கட்டிக்கொண்டு நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்த் தனிக்கடை போட்டார். கில்லமின் ஆட்டைப் பிடித்துக்கொள்ள, ஷாலி பன்றியைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்கர் மேயர் என்ற சாஸேஜ் கம்பெனி 10 லட்சம் பன்றிகளின் ஹைபோதலாமஸைத் தானமாகவே கொடுத்தது. சாஸேஜுக்கு உதவாத பாகம் என்பதால் தர்மம் செய்வது சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த குறி, தைராய்டை முடுக்கிவிடும் டி.ஆர்.எச். வேலையின் லட்சணத்தைக் கேளுங்கள். துணுக்குகளை உறையவைத்து, உலர்த்தி, பொடியாக்கி, ரசாயனத்தில் ஊறவைத்துச் சாறு எடுக்க வேண்டும். சாற்றை உயரமான கண்ணாடிக் குழாய்களில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக வடித்து, நூற்றுக்கணக்கான டெஸ்ட் ட்யூபில் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு ட்யூபிலிருந்தும் கொஞ்சம் எடுத்து எலிக்கு ஊசி. எந்த எலியின் தைராய்டு துள்ளுகிறதோ அந்த ட்யூபை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து. கில்லமின் சுமார் 3 லட்சம் ஆடுகளை இப்படி வடிகட்டியதில் கடைசியாகக் கையில் நின்றது 1 மில்லிகிராம். தும்மினால் போச்சு!

பன்றிக் கட்சிதான் முதலில் பொக்கிஷத்தின் மேல் கால் வைத்தது. 1966-லேயே ஷாலியின் கையில் 2.8 மில்லிகிராம் இருந்தது. உடைத்துப் பார்த்தால் ஹிஸ்டிடின், ப்ரோலின், குளூட்டாமிக் அமிலம் என்று மூன்றே அமினோ அமிலங்கள். விடை அதுதான். ஆனால் எடை போட்டபோது மூன்றும் சேர்ந்து 30 சதவீதம்தான் தேறியது. மீதி 70 சதவீதம் வேறு ஏதோ மர்மப் பொருள், ஆகவே இது பெப்டைடே (அமினோ அமிலச் சங்கிலியே) இல்லை என்று முடிவு கட்டி, ஐயா வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த மர்மப் பொருள் வெறும் அழுக்கு.

இதற்குள் பணம் கொடுத்த அமெரிக்க அரசுக்குப் பொறுமை போய்விட்டது. 1969 ஜனவரியில் டூசான் நகரில் ஒரு கூட்டம். இத்தனை மூளையை அரைத்து என்ன கண்டீர்கள் என்ற விசாரணைதான், பெயர் மட்டும் கருத்தரங்கு. அங்கே கில்லமினின் சகா ரோஜர் பர்கஸ் எழுந்து, எங்கள் சரக்கில் 80 சதவீதம் அமினோ அமிலம், அதே மூன்று பேர் என்றார். கடை தப்பியது. ஷாலிக்கு 1966 ஞாபகம் வந்தது.

மூன்றையும் ஆறு விதமாக வரிசை மாற்றிக் கோக்கலாம். கில்லமின் குழு ஆறையும் சோதித்தது. ஆறும் ஜடம்! கடைசியில் ஒன்றை ரசாயனத்தில் தோய்த்துப் பார்த்தபோதுதான் உயிர் வந்தது. இயற்கை அந்தச் சின்னஞ்சிறு சங்கிலியின் ஒரு முனையை வளையமாகச் சுருட்டி, மறுமுனைக்கு ஒரு மூடியும் போட்டு வைத்திருந்தது. 1969 நவம்பரில் சில நாள் வித்தியாசத்தில் இரண்டு கட்சியும் ஒரே விடையை அச்சிட்டன. பிறகு வருஷக்கணக்கில் ‘யார் முதலில்’ என்ற பஞ்சாயத்து. ஆடும் பன்றியும் மட்டும்தான் இதில் கருத்துச் சொல்லவில்லை.

1971-ல் இனப்பெருக்க ஹார்மோன்களை ஆட்டிவைக்கும் பத்து அமினோ அமிலச் சங்கிலியை ஷாலி குழு முந்திக்கொண்டு பிடித்தது. அதன் செயற்கைத் தம்பிகள்தான் இன்று ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கும், தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் கருத்தரிப்பு மையங்களுக்கும் ஊசி மருந்து. கில்லமின் சும்மா இருப்பாரா? 1973-ல் சோமாடோஸ்டாடின் என்ற இன்னொரு ஹைபோதலாமஸ் ஹார்மோனைப் பிடித்தார். இத்தனை சண்டைக்குக் காரணமான டி.ஆர்.எச். மட்டும் தைராய்டு சோதனையில் கொஞ்ச காலம் பயன்பட்டு, நவீன ரத்தப் பரிசோதனை வந்ததும் ஓரங்கட்டப்பட்டுவிட்டது.

நடுவில் ஒரு காமெடி டிராக்கும் உண்டு. 1975-ல், ஹூஸ்டனிலிருந்து கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்துக்கு மாறியிருந்த கில்லமினின் லேபுக்கு ப்ரூனோ லத்தூர் என்ற பிரெஞ்சு இளைஞர் வந்து இரண்டு வருஷம் தங்கினார். பழங்குடிகளை மானிடவியலாளர்கள் கவனிப்பதுபோல் விஞ்ஞானிகளைக் கவனித்தார். இந்த இனத்தார் நாள் முழுக்க ஏதோ எழுதுகிறார்கள், எலி, ரசாயனம், மெஷின் எல்லாவற்றையும் உள்ளே போட்டால் வெளியே வருவது பேப்பர் என்பது அவரது அவதானிப்பு. அது 1979-ல் ஸ்டீவ் வுல்கருடன் சேர்ந்து எழுதிய புத்தகமாகிப் புகழும் பெற்றது. கவனிக்கப் போனவரும் பேப்பரைத்தான் வெளியே எடுத்துவந்தார்.

1977-ல் நோபல். பாதிப் பரிசு ரோசலின் யாலோவுக்கு: ரத்தத்தில் துளியூண்டு இருக்கும் பெப்டைடையும் அளக்கும் முறைக்காக. அந்த அம்மாள் கில்லாடி. இன்சுலினுக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்ற தன் கட்டுரையை 1955-ல் ஒரு பத்திரிகை நிராகரித்த கடிதத்தை 22 வருஷம் பத்திரப்படுத்தி, நோபல் உரையிலேயே எடுத்துக் காட்டினார். மீதிப் பாதியை கில்லமினுக்கும் ஷாலிக்கும் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பதினைந்து வருஷம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவர்களுக்குக் கால், கால். நோபல் பட்டியலில் பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில்!

சி.ஆர்.எஃப். என்ன ஆயிற்று? 1981-ல் பிடிபட்டது. 41 அமினோ அமிலங்கள். பிடித்தவர் வைலி வேல், கில்லமினிடம் பிஎச்.டி. செய்து, அதே சால்க் நிறுவனத்தில் தனி லேப் போட்டுக்கொண்ட சிஷ்யப்பிள்ளை. அடுத்த வருஷம் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பெப்டைடுக்காகக் குருவும் சிஷ்யனும் நேரடியாகவே மோதினார்கள். குருவின் கட்டுரை ‘சயின்ஸ்’ இதழில், சிஷ்யன் குழுவின் கட்டுரை ‘நேச்சர்’ இதழில். இரண்டும் 1982 நவம்பர். இந்த முறை வித்தியாசம் பதின்மூன்று நாள்.